பிள்ளைகளை இனி யார் பார்த்துக்கொள்வது? உறவினர்கள் கூடி முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெற்றோர் இறந்துவிடலாம், நீண்ட நாள் படுக்கையில் விழலாம், சிறைக்கோ போதை மீட்பு சிகிச்சைக்கோ போக நேரலாம். காரணம் எதுவானாலும், பிள்ளைகளை யார் வளர்ப்பது என்று சொந்தபந்தம் கூடிப் பேச வேண்டிய நாள் வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட கூட்டங்களைப் பல குடும்பங்களுக்கு நடத்திக் கொடுத்திருக்கிறேன். அநேகமாக எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். உட்கார்ந்ததுமே "யார் கூட்டிக்கொண்டு போவது" என்று தொடங்கிவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் அந்தக் கேள்வி ஏழாவதாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் உள்ள ஆறையும் முடித்துவிட்டு வந்தால், ஏழாவதில் சண்டை பாதியாகக் குறைந்துவிடும்.

தொடங்கும் முன் ஒன்று. பிள்ளையை யாராவது அடித்துக் காயப்படுத்தியதாகவோ, தகாத முறையில் நடந்துகொண்டதாகவோ சந்தேகம் இருந்தால், குடும்பக் கூட்டம் போட்டுத் தீர்க்கிற விஷயம் இல்லை அது. பிள்ளையைப் பத்திரமான இடத்துக்கு மாற்றிவிட்டு, உங்கள் பகுதியின் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கோ காவல் துறைக்கோ உடனே சொல்லுங்கள். "குடும்ப மானம்" என்று மூடிவைத்தால் மறுபடியும் அடிபடப் போவது அந்தப் பிள்ளைதான்.

1. முதலில் இன்றைய இரவு

அதிர்ச்சி நடந்த அன்றே நிரந்தர முடிவு எடுக்காதீர்கள். அன்று தீர்மானமாக வேண்டியது, அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குப் பிள்ளைகள் எங்கே தூங்குவார்கள், கூட யார் இருப்பார்கள் என்பது மட்டும். முடிந்தால் அவர்கள் தங்கள் வீட்டிலேயே, தங்கள் படுக்கையிலேயே இருக்கட்டும். பழக்கமான பெரியவர் ஒருவர் அங்கே போய்த் தங்கட்டும். பள்ளிக்கூடமும் அதேதான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முடிவுத் தேதி சொல்லிவிடுங்கள். தேதி சொல்லாத தற்காலிகம் தானாகவே நிரந்தரமாகிவிடும். சில மாதம் ஒரு வீட்டில் இருந்து பழகிய பிள்ளையை அசைக்க யாருக்கும் மனம் வராது. வழக்கு என்று போனாலும், பிள்ளை நிலையாக இருந்து வரும் இடத்துக்கு நீதிமன்றங்கள் பொதுவாக எடை கொடுக்கின்றன. ஆக, முதல் நாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர் வீடே கடைசி வீடாகிவிடுகிறது, யாரும் யோசித்து முடிவெடுக்காமலேயே.

மரணம் என்றால், பிள்ளைகளிடம் "அப்பா தூங்குகிறார்", "வெளியூர் போயிருக்கிறார்" என்று சொல்ல வேண்டாம். சாவு என்பது திரும்பி வராதது என்பது ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சரியாகப் பிடிபடாது. தூங்குகிறார் என்றால் சில பிள்ளைகள் தூங்கவே பயப்படுவார்கள். ஊருக்குப் போயிருக்கிறார் என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். "அப்பா இறந்துவிட்டார். அவர் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இனி வர முடியாது" என்று நேராகச் சொல்லுங்கள். கூடவே "நீ எதுவும் செய்ததால் இது நடக்கவில்லை" என்பதையும் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் தாங்கள் கோபத்தில் நினைத்ததாலோ குறும்பு செய்ததாலோ இப்படி ஆயிற்று என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருப்பது உண்டு. அதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

2. பிள்ளை இடம் மாறத்தான் வேண்டுமா?

பெற்றோரில் ஒருவர் உயிருடன் இருந்தால், பெரும்பாலான நாடுகளில் முதல் உரிமையும் பொறுப்பும் அவருடையது. பிரிந்து வாழ்ந்தாலும் அப்படித்தான், நீதிமன்றம் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாலொழிய. இறந்தவர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கூடி, இருக்கிற அப்பாவையோ அம்மாவையோ கேட்காமல் எடுக்கும் முடிவு அநேகமாக நிற்காது. அவரோடு உங்களுக்கு என்ன மனஸ்தாபம் இருந்தாலும் முதல் போன் அவருக்குத்தான்.

அவர் இருக்கிறார், ஆனால் வருமானம் இல்லை, ஒண்டியாகத் திணறுகிறார் என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. பெற்றோரை விட்டுப் பிள்ளையைப் பிரிக்க வறுமை மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது என்று 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் "யார் எடுத்துக்கொள்வது" என்று பேசாமல், "அவர் கையிலேயே பிள்ளைகள் இருக்க நாம் ஆளுக்கு என்ன செய்வது" என்று பேசுங்கள். மாலையில் ஒருவர், வாடகையில் பங்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் பல வீடுகளில் பிள்ளைகள் நகரவே தேவையில்லாமல் போய்விடும்.

3. காகிதங்களைச் சேர்த்துவிட்டு உட்காருங்கள்

ஒருவர் பொறுப்பெடுத்து, கூட்டத்துக்கு முன் இவற்றை ஒரே கோப்பில் போடட்டும்: பிறப்புச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை, பிள்ளைகள் சாப்பிடும் மருந்துகளின் சீட்டு, பள்ளி ஆவணங்கள், பாஸ்போர்ட், இறப்புச் சான்றிதழ், காப்பீடு மற்றும் ஓய்வூதிய விவரம், ஏற்கெனவே ஏதாவது நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகல்.

உயில் இருக்கிறதா என்று கண்டிப்பாகத் தேடுங்கள். தங்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் இன்னார் என்று சிலர் எழுதி வைத்திருப்பார்கள். பல நாடுகளில் அதற்குச் சட்ட மதிப்பு உண்டு. ஆனாலும் பிள்ளையின் நலனைப் பார்த்து நீதிமன்றம் வேறு முடிவும் எடுக்கலாம். உயில் கடைசியில் வெளியே வந்தால், பேசி முடித்த அத்தனையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

4. கூட்டத்தை நடத்துபவரும் வருபவர்களும்

பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் கூட்டத்தை நடத்தக் கூடாது. அவர் எவ்வளவு நியாயமானவராக இருந்தாலும் சரி. யாரை முதலில் பேசவிடுவது, எதை எழுதுவது என்பதெல்லாம் அவர் கையில் இருப்பதால், தோற்றவர்கள் முடிவை ஒருநாளும் மனதார ஏற்க மாட்டார்கள். பொதுவான ஒருவரைத் தேடுங்கள். குடும்ப நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சமூகப் பணியாளர், இரண்டு பக்கமும் மதிக்கிற ஒருவர் போதும்.

யாரை அழைப்பது என்பதில் ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: பின்னால் இந்த ஏற்பாட்டைக் கலைக்கக் கூடியவர் யாரோ, அவர் இன்றைக்கு அறையில் இருக்க வேண்டும். அம்மா வழி, அப்பா வழி இரண்டும் வர வேண்டும். தூரத்தில் இருப்பவர் வீடியோ அழைப்பில் வரட்டும். பிள்ளைகளோடு தினமும் பழகிய பக்கத்து வீட்டுக்காரரோ வகுப்பாசிரியரோ இருந்தால் அவர்களையும் கொஞ்ச நேரம் கூப்பிடுங்கள். பிள்ளைக்கு எந்தப் பாடம் வராது, யாரோடு சேர்ந்து நடந்து போகும் என்பதெல்லாம் பல நேரம் சொந்தத்தைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

நடத்துபவர் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே தனியாகப் பேசிவிட வேண்டும். உங்களால் என்ன முடியும், என்ன முடியாது, எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள்? இந்த மூன்று போதும். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "முடியாது" என்று சொல்வது யாருக்கும் எளிதில்லை. தனியாகச் சொல்லிவிட்டால், அதைத் தலைகுனிவு இல்லாமல் மேசைக்குக் கொண்டுவர நடத்துபவருக்கு வழி கிடைக்கும்.

நியூசிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இப்படிக் குடும்பத்தாரைக் கூட்டி முடிவெடுக்க வைக்கும் முறை இருக்கிறது. அதிலிருந்து ஒரு நல்ல வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். விவரம் தெரிந்த வெளியாட்கள் தகவலையெல்லாம் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அதற்கப்புறம் குடும்பத்தார் மட்டும் தனியாகப் பேசுவார்கள். வெளியாள் இருக்கும்போது பேச முடியாத பழைய கடன், பழைய கோபம் எல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வரும். அவை வெளியே வராமல் எடுத்த முடிவு சில வாரங்களில் உடையும்.

5. பிள்ளைகளிடம் கேளுங்கள், ஆனால் "யார் வேண்டும்" என்று கேட்காதீர்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்பார்கள். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு எடை கொடுக்க வேண்டும் என்று 1989இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். பிள்ளைகள் சொல்லும் தகவல் வேறு யாரிடமும் கிடைக்காது, அதற்காகவே கேட்க வேண்டும்.

ஒரு குடும்பத்தில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, ஐந்து வயதுத் தம்பி. பெண்ணைப் பெரியம்மா வீட்டுக்கும் பையனைத் தாத்தா வீட்டுக்கும் அனுப்புவதாகப் பெரியவர்கள் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டார்கள். அந்தப் பெண்ணிடம் ராத்திரி எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டேன். "தம்பிக்கு ராத்திரி பாத்ரூம் போகப் பயம். என்னைத் தட்டி எழுப்புவான். நான் கதவுக்கு வெளியே நின்னு பாடிக்கிட்டே இருக்கணும், பாட்டு நின்னா அழுவான்" என்றாள். அறையில் இருந்த யாருக்கும் அது தெரியாது. இரண்டு பேரையும் பிரிப்பது பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை.

கேட்கும் முறையில் கவனம் வேண்டும். "சித்தி வேண்டுமா, அத்தை வேண்டுமா" என்று கேட்டால், ஒருவரைக் கைவிட்ட பாரம் பிள்ளை தலையில் ஏறிவிடும். அதற்குப் பதில் நாளைப் பற்றிக் கேளுங்கள். காலையில் யார் எழுப்புவார்கள்? உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் போவாய்? எதையெல்லாம் கண்டிப்பாகக் கூட எடுத்துப் போக வேண்டும்? எது மாறவே கூடாது? எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?

ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாக, போட்டியில் இல்லாத ஒருவர் கேட்கட்டும். அண்ணன் பக்கத்தில் இருந்தால் தங்கை அண்ணன் சொல்வதையே சொல்வாள். பேசத் தெரியாத வயது என்றால் யாரிடம் ஓடுகிறது, யார் தூக்கினால் அழுகை நிற்கிறது என்று கவனியுங்கள். பதின்ம வயதினரை, அவர்களுக்கு விருப்பம் இருந்தால், கூட்டத்தின் ஒரு பகுதிக்கே கூப்பிடலாம்.

கேட்பதற்கு முன்பே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "நீ சொல்வதை நாங்கள் கேட்போம். முடிவு பெரியவர்களுடையது. என்ன முடிவு, ஏன் என்று உனக்கு வந்து சொல்வோம்." முடிவே அவன் கையில்தான் என்று நம்ப வைத்துவிட்டு மாற்றினால், அடுத்த முறை வாய் திறக்க மாட்டான்.

6. ஆளைப் பேசும் முன் வேலையை எழுதுங்கள்

பெரிய தாள் ஒன்றை எடுத்து ஏழு நாளுக்கும் கட்டம் போடுங்கள். காலை எழுப்புவதில் தொடங்கி இரவு தூங்க வைப்பது வரை பிள்ளைகளுக்கு என்னென்ன நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். பள்ளியில் விடுவது, கூட்டி வருவது, சாப்பாடு, வீட்டுப்பாடம், குளியல், மருந்து, துணி. வாரக் கட்டத்தில் வராதவற்றை ஓரத்தில் எழுதுங்கள்: காய்ச்சல் வந்தால் லீவு போடுபவர், பள்ளி விடுமுறை, பல் மருத்துவர், பெற்றோர் கூட்டம், நடுராத்திரி அழுகை. தாளில் இன்னும் யார் பெயரும் வேண்டாம்.

பாசத்தைப் பற்றிப் பேசினால் எல்லாரும் முன்னால் வருவார்கள், யாரும் பின்வாங்க முடியாது. வேலையைப் பற்றிப் பேசினால்தான் உண்மை வெளியே வரும். ஒரு கூட்டத்தில் சித்தப்பா எடுத்த எடுப்பிலேயே "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். பக்கத்தில் சித்தி கையிலிருந்த தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் காலை ஆறரை கட்டம் வந்தபோதுதான் அவர் வாய் திறந்தார்: "பாசம் இல்லாம இல்லைங்க. ஆறேகாலுக்கு நான் வேலைக்குக் கிளம்பிடுவேன். இவரு எழுந்திருக்கிறதே எட்டு மணிக்கு." கணவர் மறுக்கவில்லை. அந்த ஒரு கட்டத்தை வைத்துத்தான் அன்றைய பேச்சு நேரானது.

பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு, கற்றல் குறைபாடு என்று ஏதாவது இருந்தால் அதற்குத் தனித் தாள் போடுங்கள். அதைக் கையாளத் தெரிந்தவர் யார், கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவர் யார் என்பது அடுத்த படியில் பெரிய எடை பெறும்.

7. இப்போது, யார்?

தாளை நடுவில் வைத்துவிட்டுப் பேசுங்கள். நான் முதலில் பார்ப்பது, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே யாரிடம் ஒட்டுதல் இருக்கிறது என்பதை. முக்கியமாக மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, தினமும் தூக்கி வளர்த்த கையை விட்டு இன்னொரு கைக்குப் போவது பெரிய இழப்பு. பெற்றோரை இழந்த குழந்தைக்கு இரண்டாவதாக இன்னொன்றையும் இழக்க வைக்காமல் இருப்பதே பெரிய உதவி.

அப்புறம் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் ஒன்றாக இருப்பது. மேலே சொன்ன 2009 நெறிகளும், தெளிவான ஆபத்தோ பிள்ளையின் நலனுக்கான வேறு காரணமோ இல்லாமல் உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்கின்றன. "ஆளுக்கு ஒன்றாக வளர்ப்போம்" என்பது பெரியவர்களுக்கு நியாயமான பங்கீடாகத் தெரியும். பிள்ளைகளுக்கு வீட்டில் மிச்சமிருந்ததும் போய்விடும். வேறு வழியே இல்லை என்றால் ஒரே பள்ளி, வாரம் ஒரு நாள் ஒரே வீட்டில் இரவு தங்குவது என்று கட்டாயமாக எழுதிவிடுங்கள்.

தாத்தா பாட்டி என்றால் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேத்திக்கு மூன்று, தாத்தாவுக்கு அறுபத்தெட்டு என்றால், அவளுக்குப் பதினெட்டு ஆகும்போது தாத்தாவுக்கு எண்பத்து மூன்று. இதனால் தாத்தா கூடாது என்று சொல்ல வரவில்லை. பல வீடுகளில் பிள்ளைகளுக்கு அதிகம் பழக்கமானவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குப் பிறகு யார் என்ற பெயர் இன்றைக்கே எழுதப்பட வேண்டும், அந்த நபர் இப்போதிருந்தே பிள்ளைகளோடு பழகி வர வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டிக்கொள்ளப் போகும் வீட்டில் கணவன், மனைவி இருவரும் தனித்தனியாகச் சம்மதம் சொல்ல வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகளையும் கேளுங்கள். தன் அறையையும் அம்மாவின் நேரத்தையும் பங்குபோடப் போவது அவர்கள்தான். இன்னொரு பக்கத்துச் சொந்தத்தோடு பிள்ளைகளைப் பேச விடும் மனம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். "அந்தப் பக்கத்துக்காரங்க வாசப்படி மிதிக்கக் கூடாது" என்கிறவர் மற்ற எல்லாவற்றிலும் பொருத்தமாக இருந்தாலும் நான் தயங்குவேன். பிள்ளையின் பாதிச் சொந்தத்தை அவர் வெட்டிவிடுவார்.

எடை போடக் கூடாதவையும் இருக்கின்றன. வீடு பெரியது, சம்பளம் அதிகம், அவர்களுக்குக் குழந்தை இல்லை, அவள் பெண் அதனால் அவள்தான் பார்க்க வேண்டும், இறந்தவர் அவருக்கு நிறைய செய்திருக்கிறார். இவற்றில் எதுவும் காலை ஆறரை மணிக்குப் பிள்ளையை எழுப்பாது. பணம் இருப்பவர் பணத்தால் உதவலாம், வளர்ப்பவர் வேறொருவராக இருக்கலாம்.

ஒரே வீடு எல்லாக் கட்டத்தையும் நிரப்ப முடியாவிட்டால் அது தோல்வி ஆகாது. ஒரு வீடு முதன்மை வீடாக இருக்கட்டும். மற்ற கட்டங்களில் மற்றவர்கள் பெயரை எழுதுங்கள்: செவ்வாய் மாலை மாமா, மாதத்தின் கடைசி வாரக் கடைசி அத்தை வீடு. ஆனால் மாதத்துக்கு ஒரு வீடு என்று சுழற்சியில் விடாதீர்கள். பெரியவர்களுக்குள் பாரம் சமமாகும், பிள்ளைக்கோ எந்த வீடும் சொந்த வீடாகாது.

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இழுபறியானால் ஒரு வாரம் தள்ளி இன்னொரு கூட்டம் போடலாம். முதல் படியில் தேதி வைத்திருப்பதால் அவசரம் இல்லை. வாக்கெடுப்பு மட்டும் வேண்டாம். வாக்கில் தோற்றவரும் இந்தக் குடும்பம்தான், நாளைக்குப் பிள்ளைக்கு அவரும் தேவை.

8. பணமும் சொத்தும் வேறு ஒரு நாள்

யார் வளர்ப்பது என்று பேசும் அதே அமர்வில் வீடு, நகை, காப்பீட்டுப் பணத்தைப் பேசாதீர்கள். இரண்டையும் கலந்தால் "பணத்துக்காகத்தான் கேட்கிறாள்" என்ற ஒரு வார்த்தை விழும், அதோடு எல்லாம் முடிந்தது.

பேசும்போது மாதச் செலவைக் கணக்கிட்டு, யார் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். "முடிந்தபோது தருகிறேன்" என்பதை எழுத வேண்டாம், அது வராது. பிள்ளைகளின் பணம் அவர்கள் பெயரில் தனிக் கணக்கில் இருக்கட்டும். வளர்ப்பவரும் சொத்தைக் கவனிப்பவரும் வெவ்வேறு ஆளாக இருப்பது நல்லது. வளர்ப்பவர் மீது சந்தேகம் விழாமல் அது காக்கும். அரசு உதவித்தொகை, ஓய்வூதியம் ஏதாவது பிள்ளைகளுக்கு உண்டா என்று விசாரிக்க ஒருவரை நியமியுங்கள். காலக்கெடு தாண்டிவிட்டால் சில சமயம் கிடைக்காமல் போகும்.

9. எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்

சொந்தத்துக்குள் எதற்கு எழுத்து என்பார்கள். ஒரே பேச்சை ஆறு பேர் ஆறு விதமாக நினைவில் வைத்திருப்பார்கள், அதற்குத்தான் எழுத்து. இரண்டு பக்கம் போதும். யார் வீட்டில், எந்தத் தேதியிலிருந்து, பள்ளி எது, மருத்துவ முடிவை யார் எடுப்பார், மற்றவர்கள் எந்த நாளில் பார்க்கலாம், போன் பேசலாம், செலவு, வளர்ப்பவருக்கு உடம்பு முடியாவிட்டால் அடுத்து யார், மறுபடி எப்போது கூடுவோம்.

வாக்கியம் குறிப்பாக இருக்கட்டும். "அத்தை அடிக்கடி வந்து பார்ப்பார்" என்று எழுதினால் சண்டை வரும். "அத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குள் கொண்டுவந்து விடுவார்" என்று எழுதினால் வராது. கண்டிக்கும் விதத்தையும் எழுதுங்கள்: அடிப்பது இல்லை, இறந்த அப்பா அம்மாவைக் குறைசொல்லிப் பேசுவது இல்லை. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "உங்க அம்மா மாதிரியே பிடிவாதம்" என்ற ஒரு வார்த்தை பிள்ளை மனதில் பல வருடம் கிடக்கும்.

10. சட்டத்தில் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

குடும்பத்தில் எழுதிய தாளுக்கு மரியாதை உண்டு, ஆனால் பெரும்பாலும் சட்ட அதிகாரம் கிடையாது. அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்து, பாஸ்போர்ட், பள்ளி மாற்றம் என்று வரும்போது "நீங்கள் யார்?" என்று கேட்பார்கள். ஆகவே சட்டப்படி பாதுகாவலராக என்ன செய்ய வேண்டும் என்று உள்ளூர் வழக்கறிஞரையோ இலவச சட்ட உதவி மையத்தையோ ஆரம்பத்திலேயே கேளுங்கள். நாட்டுக்கு நாடு நடைமுறை மாறும். எல்லாரும் கையெழுத்திட்ட தாள் இருந்தால் அங்கேயும் வேலை எளிதாகும்.

பாதுகாவலர் ஆவதும் தத்தெடுப்பதும் ஒன்றில்லை. முழுமையான தத்தெடுப்பில் பெற்ற குடும்பத்தோடு இருக்கும் சட்ட உறவு பொதுவாக முடிந்துவிடும், திரும்பப் பெறுவதும் கடினம். பாதுகாவலர் பொறுப்பில் அப்படி இல்லை. அம்மா சிகிச்சை முடிந்து திரும்பி வருவார் என்ற நிலையில் தத்தெடுப்பைப் பற்றிப் பேசுவதே தவறு.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தம் கூட்டிப்போவதாகச் சொன்னால் இன்னும் கவனம் தேவை. பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய சர்வதேச ஒப்பந்தமான 1996இன் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே, பிள்ளை வழக்கமாக வாழும் நாட்டின் அதிகாரிகளுக்கே பொதுவாக முடிவெடுக்கும் அதிகாரம். உயிருடன் இருக்கும் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எல்லை தாண்டிக் கூட்டிப்போனால், பிள்ளைகளை எல்லை தாண்டிக் கடத்துவது பற்றிய 1980இன் ஹேக் உடன்படிக்கை செல்லும் நாடுகளில் அது பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கோரும் வழக்காகலாம். டிக்கெட் எடுக்கும் முன் அனுமதி, விசா இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

11. பிள்ளைகளிடம் சொல்வதும் வீடு மாறுவதும்

முடிவை அவர்கள் அதிகம் நம்பும் பெரியவரும் வளர்க்கப் போகிறவரும் சேர்ந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் சொல்லட்டும். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டோ பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லியோ தெரிய வரக் கூடாது. முதல் சில நிமிடத்திலேயே எங்கே, யாரோடு, எப்போது, எந்தப் பள்ளி, மற்றவர்களை எப்போது பார்க்கலாம் என்பதெல்லாம் வந்துவிட வேண்டும். அவர்கள் முன்பு சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்க முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

முடிந்தால் ஒரே நாளில் மாற்றாமல், முதலில் ஒரு பகல், அடுத்து ஓர் இரவு, அப்புறம் நிரந்தரமாக என்று போங்கள். சாமான் கட்டும்போது பிள்ளைகளையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய தலையணை, கிழிந்த போர்வை, அம்மாவின் புடவை ஒன்று, புகைப்படங்கள் எதையும் "புதுசா வாங்கிக்கலாம்" என்று தூக்கிப் போடாதீர்கள். அந்த வாசனை அவர்களுக்குத் தேவை.

புது வீட்டில் படுக்கையை நனைப்பது, பழையபடி குழந்தை மாதிரிப் பேசுவது, சாப்பாட்டை ஒளித்து வைப்பது, காரணமில்லாத கோபம் இதெல்லாம் வரும். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் வளர்ப்பவர் "நாங்கள் தப்பு செய்துவிட்டோமோ" என்று பயந்துவிடுவார். முதல் சில மாதங்களில் இது வழக்கம்தான் என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்லி வையுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் குறைந்தே போனாலோ, "நானும் செத்துடுறேன்" என்ற பேச்சு வந்தாலோ காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போங்கள்.

12. மறுபடி கூடும் தேதிகள்

இரண்டாவது வாரம் போனில், மூன்றாவது மாதம் நேரில், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறை. நன்றாகப் போனாலும் கூடுங்கள். பிரச்சினை வந்தால் மட்டும் கூடுவது என்று வைத்தால், கூப்பிடுவதே புகாராகிவிடும். வளர்ப்பவர் அதற்குப் பயந்து எதையும் சொல்ல மாட்டார்.

ஒவ்வொரு முறையும் வாரத் தாளை எடுத்துவைத்து, யார் பெயர் எழுதிய கட்டம் உண்மையில் யாரால் நடக்கிறது என்று பாருங்கள். செவ்வாய் மாலை மாமா வருவது நின்றிருக்கும், அதை வளர்ப்பவரே சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருப்பார். அவருக்கு மாதத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்தக் கூட்டத்திலேயே ஒரு பெயரை எழுதிவிட்டு எழுந்திருங்கள்.

பிள்ளைகளிடமும் ஐந்தாவது படியின் கேள்விகளை மறுபடி கேளுங்கள். ஏழு வயதில் சொன்ன பதிலும் பதின்மூன்று வயதில் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்காது. பெரிய மாற்றம் தேவைப்பட்டால், எழுதிவைத்த அடுத்த நபரைக் கூப்பிட்டு, வளர்த்தவரைக் குறைசொல்லாமல், பள்ளி ஆண்டு முடியும் சமயம் பார்த்து மாற்றுங்கள். பழைய தாளைக் கிழிக்க வேண்டாம். புதியதை அதன் மேல் வைத்து, தேதி போட்டு, அதே கோப்பில் வையுங்கள்.